கண்ணாடிப் பெட்டிக்கு மேல் என்ன எழுதுவது? ஒரு பர்மாப் பேரேடும் தேசியவாதமும்

பட்டாலை | ஞாயிறு, காலை 7.10

வணக்கம். கானாடுகாத்தான் பக்கம் எங்கள் பாட்டையா கட்டிய வீடு. பதினோரு பங்காளிகளுக்குப் பொது. படைப்புக்கு எல்லோரும் கூடுவோம். மற்ற நாளெல்லாம் வௌவால் குடியிருக்கும். இந்த ஆண்டு முகப்பையும் பட்டாலையையும் செப்பனிட்டு, வெளியூரிலிருந்து வீடு பார்க்க வருகிறவர்களுக்காகச் சில பழஞ்சாமான்களை வைக்கலாம் என்று முடிவானது. மங்குச் சாடிகள், மரவைகள், ரங்கூன் அரக்குப் பெட்டிகள். இவற்றோடு பாட்டையா பர்மாவின் டெல்டா ஊரான பியாப்பொன்னில் லேவாதேவிக் கடை நடத்தியபோது எழுதிய பேரேடு ஒன்று, 1929 முதல் 1938 வரை.

பேரேட்டை வைக்கும் கண்ணாடிப் பெட்டிக்கு மேல் மாட்டும் பலகைக்கு என் பெரியப்பா மகன் ஒரு வாசகம் எழுதித் தந்திருக்கிறார்: “கடல் கடந்து எம் முன்னோர் உழைத்து ஈட்டிய செல்வத்தைப் பர்மிய இனவெறி பறித்துக்கொண்டது.” இதை ஆசாரியிடம் கொடுத்துச் செதுக்கி வாங்குவது என் வேலை.

கொடுப்பதற்கு முன்னால் பேரேட்டைப் படித்துவிட்டேன். அதுதான் தவறாகிவிட்டது. எனக்குத் தமிழ் எண்கள் தட்டுத்தடுமாறித்தான் வரும். பழைய கணக்கர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார். முதல் சில பக்கங்களில் நெல்லின் மேல் பற்று, வட்டி வரவு என்று கணக்கு தடையில்லாமல் ஓடுகிறது. 1931க்குப் பிறகு வட்டி வரவு விட்டுவிட்டு வருகிறது. பிறகு நிலம் வரத் தொடங்குகிறது. பதினெட்டு ஏக்கர், பத்து ஏக்கர், இருபத்தேழு ஏக்கர். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு மவுங், ஒரு கோ, ஒரு மா என்று பர்மியர் பெயர். 1936இல் ஒரு பக்கத்தில் பணமே இல்லை. மேலிருந்து கீழ்வரை நிலம்தான். கணக்கர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, “ஊரையே எழுதி வாங்கியிருக்கிறார்கள், தம்பி” என்றார்.

எங்கள் கடையில் மட்டும் நடந்த கதை இல்லை இது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார்கள் வசம் இருந்தது நூற்றுக்கு 6 பங்கு நிலம். 1938க்குள் நூற்றுக்கு 25.

பலகையை மாட்டக் கை வரவில்லை. அதற்காக நேர் எதிராக எழுதவும் மனம் இல்லை. வந்தவர்களுக்கு எதிரான தேசியவாதம் ஒரு நாட்டில் எப்படிப் பற்றிக்கொள்கிறது, பற்றியபின் யார் யாரை எரிக்கிறது என்பதை ஐந்து வரியில் எழுத முடியுமா? இங்கே படித்தவர்கள் இருக்கிறீர்கள், சொல்லுங்கள்.

கொப்புடையம்மன் தெரு | ஞாயிறு, காலை 8.02

அண்ணன் எழுதிய வாசகத்தில் என்ன பிழை? என் ஐயா ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு விழுந்தபின் 1942இல் மண்டலே போய், அங்கிருந்து தாமு வழியாக மணிப்பூருக்கு நடந்து வந்தவர். அவருடைய தங்கை வழியில் காலராவில் இறந்தார். குழி தோண்டக்கூட நேரம் இல்லாமல் இலையைப் போட்டு மூடிவிட்டு நடந்தார்களாம். அந்தப் பெண்ணுக்கு வயது ஒன்பது. அவள் யாருடைய நிலத்தை எழுதி வாங்கினாள்?

நம்மை நாமே கூண்டில் ஏற்றிக்கொள்வது இப்போது ஒரு நாகரிகமாகிவிட்டது.

வாத்தியார் தேவகோட்டை | ஞாயிறு, காலை 11.45

கொப்புடையம்மன் தெருக்காரர் சொன்ன அந்தப் பெண் குழந்தையை மறக்காமல் எழுதுகிறேன். ஆனால் 1942ஐ விளங்கிக்கொள்ள 1930க்குப் போகவேண்டும்.

அந்த ஆண்டு மூன்று காரியங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. உலகப் பெருமந்தத்தில் நெல் விலை சரிந்தது. மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் இந்தியக் கூலிகள் வேலைநிறுத்தம் செய்தபோது கம்பெனிகள் பர்மியர்களை வேலைக்கு எடுத்தன. வேலைநிறுத்தம் தீர்ந்ததும் பர்மியர்களை வெளியே அனுப்பின. அன்று தொடங்கிய கலவரத்தில் நூற்றுக்கு மேற்பட்டோர் செத்தார்கள், பெரும்பாலும் தெலுங்குக் கூலிகள். டிசம்பரில் தராவாடியில் சாயா சான் தலைமையில் விவசாயிகள் கிளர்ந்தார்கள்.

துறைமுகக் கலவரத்தின் சூட்டில்தான் ‘தொபாமா’ இயக்கம் பிறந்தது. ‘நாம் பர்மியர்’ என்று பொருள். அதில் சேர்ந்த இளைஞர்கள் தங்கள் பெயருக்கு முன் ‘தகின்’ என்று போட்டுக்கொண்டார்கள். அதற்கு எசமான் என்று பொருள். வெள்ளைக்காரனை அழைக்கும் சொல். இந்த நாட்டின் எசமான் நாங்கள்தான் என்று பெயரிலேயே எழுதி ஒட்டிக்கொண்டார்கள். அந்தத் துணிச்சலைப் படிக்கும்போது எனக்கு இன்றும் சிலிர்க்கிறது, ஒளிக்காமல் சொல்கிறேன். 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதில் நாம் காணும் மானம்தான் அதிலும் இருக்கிறது. நம் தேசியவாதம் சுதந்திரப் போர், பக்கத்து வீட்டுக்காரனுடையது இனவெறி என்று பேசினால் கணக்கு நேராகாது.

விவசாயியின் கழுத்தில் உண்மையில் எத்தனை கைகள் இருந்தன என்று பாருங்கள். நான்கு பெரிய ஐரோப்பிய அரிசி ஆலைக் கம்பெனிகள் கூட்டுச் சேர்ந்து நெல்லின் கொள்முதல் விலையை அமுக்கின. அரசு வரி கேட்பதை நிறுத்தவில்லை. செட்டியார்களுக்கு முன்பணம் கொடுத்துவந்த வெள்ளைக்கார வங்கிகள் கையைச் சுருக்கிக்கொண்டன. செட்டியாருக்கு நிலத்தின்மேல் ஆசை கிடையாது. பணம் சுழன்றால்தான் அவருக்குத் தொழில். நிலம் அவருக்கும் முடங்கிய முதல்தான். ஆனால் லண்டனில் இருக்கும் வங்கியை டெல்டாவில் எந்த விவசாயி பார்த்தான்? அரிசி ஆலைப் பங்குதாரரை யார் பார்த்தது? கிராமத்துக்குப் பக்கத்தில் பாயை விரித்து, கைப்பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு, திருநீற்று நெற்றியோடு உட்கார்ந்திருந்தவர் ஒருவர்தான். அவருக்குத்தான் முகம் இருந்தது.

காரணம் என்று நீங்கள் கேட்டதற்கு என் பதில் இதுதான். வலி மெய். அந்த வலியைக் கொடுத்தவர்கள் பலர், பாதிப்பேர் கண்ணுக்குத் தெரியாதவர்கள். முகம் உள்ளவனைச் சுட்டிக்காட்டி ‘இவன் போனால் சரியாகிவிடும்’ என்று மேடையில் சொல்ல ஒருவன் வருகிறான். அவன் சொல்வதில் கால்பங்கு உண்மை இருப்பதால்தான் அது எடுபடுகிறது. முழுப்பொய் அவ்வளவு தூரம் ஓடாது.

சந்தைக்கடை | ஞாயிறு, மாலை 4.20

வாத்தியார் ஐயா சொன்னது அழகாக இருக்கிறது. கொஞ்சம் அதிகமாகவே அழகாக இருக்கிறது. முகம் மட்டும்தானா இருந்தது? கையும் இருந்ததே! பத்திரத்தில் கையெழுத்து வாங்கிய கை.

நான் நகரத்தார் இல்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழஞ்சாமான் கடை வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டுத் தூண், கதவு, மங்குச் சாடி எல்லாம் இறுதியில் என் கடைக்குத்தான் வருகின்றன. எங்கள் தாத்தாவுக்குக் கண்மாய்க்குக் கீழே ஒரு காணி நிலம் இருந்தது. மழை இரண்டு ஆண்டு பொய்த்தது. கடன் கொடுத்தவர் நல்ல மனிதர். தாத்தாவே அப்படித்தான் சொல்வார். நல்ல மனிதர் பெயருக்கு நிலம் மாறியது. மழை பொய்த்ததற்கு அவர் பொறுப்பில்லைதான். ஆனால் மழை வந்தபோது அறுவடை அவருடையதாயிற்று.

தாத்தா சாகும்வரை அந்தப் பக்கம் போகும்போது வரப்பில் நடக்காமல் சுற்றிக்கொண்டு போவார். அன்றைக்கு யாராவது வந்து ‘இது உன் நிலம், எடுத்துக்கொள்’ என்று சொல்லியிருந்தால் அவர் பின்னால் தாத்தா போயிருப்பார். அவருக்குப் பெயர் இனவெறியரா?

கொப்புடையம்மன் தெரு | ஞாயிறு, மாலை 4.51

அக்கா, பர்மியக் கடன்காரர்கள் செட்டியாரைவிட அதிக வட்டி வாங்கினார்கள். அவர்களைத் துரத்தினார்களா?

சந்தைக்கடை | ஞாயிறு, மாலை 5.03

இல்லை. அங்கேதான் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

தேயிலைப் பேரன் | ஞாயிறு, இரவு 9.37

நான் காரைக்குடிக்குப் பிழைக்க வந்தவன். என் தாத்தாவும் அப்பாயியும் இலங்கை மலையகத்தில் அட்டனுக்குப் பக்கத்தில் தேயிலைக் கொழுந்து பறித்தவர்கள். இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். வாத்தியார் ஐயாவின் கணக்கில் எங்கள் வரவு எந்தப் பக்கம் என்று கேட்கவேண்டும்.

நாங்கள் யாருக்கும் கடன் கொடுக்கவில்லை. யாருடைய நிலத்தையும் எழுதி வாங்கவில்லை. லயம் என்ற தோட்ட வரிசைவீட்டில் பத்தடிக்குப் பத்தடி அறை, அதுவும் தோட்டத்துக்குச் சொந்தம். முகம் இருந்தது என்கிறீர்களே, சிங்களக் கிராமத்தான் எங்களைப் பார்த்ததே குறைவு; நாங்கள் மலையில், அவன் பள்ளத்தில். இருந்தும் சுதந்திரம் கிடைத்த அதே 1948இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் எங்களை நாடற்றவர்களாக்கியது.

என்ன குற்றம் செய்தோம்? ஓட்டுப் போட்டோம். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களில் வென்றது. வேறு பல தொகுதிகளில் எங்கள் ஓட்டு இடதுசாரிகளுக்குப் போயிற்று. அடுத்த தேர்தலுக்குள் எங்கள் ஓட்டைப் பிடுங்கிவிட்டார்கள். அதைச் செய்தது தெருவில் திரண்ட கூட்டம் இல்லை, கோட்டுப் போட்ட கனவான்கள். ஆகவே ‘ஏழை வலி, அதனால் கோபம், அதனால் தேசியவாதம்’ என்று கோடு போடுவது எனக்கு ஒப்பவில்லை. பல இடங்களில் மேலே இருப்பவர்கள் கணக்குப் போட்டுத் தொடங்குகிறார்கள், கோபம் பிறகு வந்து சேர்கிறது.

1956ஐப் பாருங்கள். அந்த ஆண்டுத் தேர்தலில் வென்று பிரதமரான பண்டாரநாயக்கா கிறிஸ்தவராகப் பிறந்து ஆக்ஸ்போர்டில் படித்தவர். ஆங்கிலம்தான் அவருக்குச் சரளம். இருபத்துநான்கு மணி நேரத்தில் சிங்களத்தை ஆட்சிமொழி ஆக்குவேன் என்றார். அதுவரை இரண்டு மொழி என்று பேசிக்கொண்டிருந்த ஆளும் கட்சி பயந்துபோய், களனி மாநாட்டில் தானும் சிங்களம் மட்டும் என்றது. அப்படியும் தோற்றது. ஏலம் மாதிரி: ஒருவன் நூறு என்றால் அடுத்தவன் நூற்றைம்பது என்பான், பொருளுக்குச் சொந்தக்காரனை யாரும் கேட்பதில்லை. 1957இல் தமிழர் தலைவரோடு ஓர் ஒப்பந்தம் போட்டார். பிக்குகள் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்ததும் 1958இல் அதைக் கைவிட்டார். அடுத்த மாதம் கலவரம். 1959இல் அவரைச் சுட்டதும் ஒரு பிக்குதான்.

1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 9,75,000 பேரைப் பங்கு பிரித்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதம் 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எங்களில் ஒருவரையும் கேட்கவில்லை. எங்கள் வீட்டார் மண்டபம் முகாமில் இறங்கி நீலகிரிக்குப் போனார்கள். இலங்கையில் எங்களை இந்தியர் என்று விரட்டினார்கள். இங்கே எங்களுக்குச் சிலோன்காரன் என்று பெயர். பள்ளிக்கூடத்தில் என்னை அப்படித்தான் கூப்பிட்டார்கள். எனக்கு இலங்கையைக் கண்ணால் பார்த்த பழக்கமே கிடையாது.

வாத்தியார் தேவகோட்டை | ஞாயிறு, இரவு 10.15

தம்பி, திருத்திக்கொள்கிறேன். நான் சொன்னது பர்மாவுக்குப் பொருந்தும். பொதுவிதி என்று நீட்டியது என் பிழை. ஏல உவமையை எடுத்துக்கொள்கிறேன், வகுப்பு இருந்தால் கரும்பலகையில் எழுதியிருப்பேன்.

ஊருணி | திங்கள், காலை 6.30

நடையை முடித்துவிட்டுப் படித்தேன். நடுவே ஓர் எளிய கேள்வி. வெகுமக்கள்வாதம், பாப்புலிசம் என்கிறார்களே, பத்திரிகைகளில் இலவசம் கொடுப்பதைத்தானே அப்படி எழுதுகிறார்கள்? அப்படியானால் நாம்தானே அதற்குத் தலைநகரம்?

வாத்தியார் தேவகோட்டை | திங்கள், காலை 9.05

அந்தச் சொல்லைப் பத்திரிகைகள் பாழாக்கிவிட்டன. 1967இல் தி.மு.க.வினர் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்றார்கள். ஆட்சிக்கு வந்ததும் சென்னையிலும் கோவையிலும் ஒரு படி தர முடிந்தது. அது ஒரு வாக்குறுதி. கட்டுமா கட்டாதா என்று வரவு செலவு பார்த்துச் சண்டை போடலாம். அரிசி கொடுப்பவர் எல்லாம் பாப்புலிஸ்ட் என்றால் அன்னதான மடம் நடத்துகிறவரும் அந்தப் பட்டியலில் வருவார்.

வெகுமக்கள்வாதத்தின் உயிர் வேறிடத்தில் இருக்கிறது. “மக்கள் ஒன்று, அவர்கள் நல்லவர்கள். மேலே ஒரு கூட்டம் அவர்களை ஏமாற்றுகிறது. மக்களின் குரல் நான் ஒருவன்தான்.” இந்த மூன்றாவது வாக்கியத்தில்தான் விஷம். என்னை எதிர்ப்பவன் எதிர்க்கட்சிக்காரன் இல்லை, அவன் மக்களே இல்லை என்று அது போய் முடியும். நீதிமன்றம் தடுத்தால் அது மக்களுக்கு எதிரி, பத்திரிகை கேட்டால் அது விலைபோனது. தேசியவாதம் ‘வெளியார் யார்’ என்று கேட்கும். இது ‘மேலிருக்கும் துரோகி யார்’ என்று கேட்கும். இரண்டும் கைகோத்துக்கொண்டால், துரோகிதான் வெளியாளை உள்ளே விட்டவன் என்று கதை முழுமையாகிவிடும்.

அந்தச் சொல் பிறந்த இடம் அமெரிக்கா. அங்கே 1892இல் விவசாயிகள் மாநாடு கூட்டி மக்கள் கட்சி என்று ஒன்றைக் கட்டினார்கள். தானிய விலை வீழ்ச்சி, கடன், ரயில் கம்பெனிகளின் கட்டணக் கொள்ளை. பியாப்பொன் விவசாயி சொல்லியிருக்கக்கூடிய புகார்கள்தாம் எல்லாம். வருமானத்துக்கு ஏற்ற வரி வேண்டும், செனட்டர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கவேண்டும் என்றார்கள். கட்சி கரைந்துபோனது. 1913இல் வருமான வரிக்கும் செனட்டர் நேரடித் தேர்தலுக்கும் அரசியல் சட்டத்திலேயே வழி பிறந்தது. அதனால் இந்த வாதம் எல்லாமே நஞ்சு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதே மாநாட்டில், வெளிநாட்டிலிருந்து வரும் ஏழைகளைத் தடுக்கவேண்டும் என்ற தீர்மானமும் இருந்தது. நல்ல பானையிலும் அந்த ஓட்டை!

கிட்டங்கி | திங்கள், பகல் 1.12

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். எல்லோரும் 1930லேயே நிற்கிறீர்கள். இன்றைய அலைக்குக் காரணம் வேறு. 2008 நிதி நெருக்கடி, ஊரை விட்டுப்போன தொழிற்சாலைகள், கையில் இருக்கும் போன்.

பிரிட்டன் 2016இல் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலக வாக்களித்தபோது, விலகலுக்கு மிக அதிக ஆதரவு கிடைத்தது பாஸ்டன் என்ற சிற்றூர் வட்டாரத்தில்: நூற்றுக்கு 75.6. அது காய்கறி விளையும் பூமி. 2004க்குப் பிறகு பத்தே ஆண்டுகளில் கிழக்கு ஐரோப்பியத் தொழிலாளர்கள் ஏராளமாக வந்து சேர்ந்தார்கள். வெளிநாட்டார் நிரம்பி வழியும் லண்டன் விலகவேண்டாம் என்றது. எத்தனை பேர் வந்தார்கள் என்பதைவிட எவ்வளவு வேகமாக வந்தார்கள் என்பது முக்கியம் என்று எனக்குப் படுகிறது. பட்டாலை அண்ணன் சொன்ன 6, எட்டு ஆண்டில் 25 ஆனதும் அதே வேகம்தானே? அதே 6 எண்பது ஆண்டில் 25 ஆகியிருந்தால் ‘தகின்’ என்ற பட்டம் இவ்வளவு சூடாக இருந்திருக்குமா?

போனைப் பற்றி: 2017இல் அதே பர்மாவிலிருந்து, இன்றைய மியான்மரிலிருந்து, ரோஹிங்கியா முஸ்லிம்கள் ஏழு லட்சத்துக்கு மேல் வங்கதேசத்துக்கு ஓடியபோது, வெறுப்பைப் பரப்பியதில் ஃபேஸ்புக்குக்குப் பங்கு உண்டு என்று ஐ.நா. விசாரணையாளர்களே சொன்னார்கள். தூரத்துக் கதை என்று நினைக்கவேண்டாம். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களைக் கொல்கிறார்கள் என்று பொய்க் காணொளிகள் கிளம்பி, பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே வந்து பார்த்துவிட்டுப் போகவில்லையா?

கொப்புடையம்மன் தெரு | திங்கள், இரவு 8.40

எல்லோரும் காரணத்தைப் பேசுகிறீர்கள். விளைவை நான் சொல்கிறேன்.

1962இல் பர்மாவில் படைத்தலைவர் நெ வின் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் கடைகள், வங்கிகள் எல்லாம் அரசுடைமை. 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு. ஐயா போருக்குப் பிறகு திரும்பிப் போய் இன்னொரு முறை கடை வைத்திருந்தார். இரண்டாவது முறையும் போயிற்று. கப்பலேறும்போது ஆச்சியின் கழுத்தில் கிடந்ததைக்கூடச் சோதனையில் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். சுமார் மூன்று லட்சம் இந்தியர்கள் அந்த ஆண்டுகளில் வெளியேறினார்கள். காரைக்குடியில் பர்மா காலனி என்ற பெயரே அதற்குச் சாட்சி.

எங்களை விரட்டி அவர்கள் என்ன கண்டார்கள்? போருக்கு முன் உலகிலேயே மிக அதிகமாக அரிசி ஏற்றுமதி செய்த நாடு. 1987இல் மிகப் பின்தங்கிய நாடுகளின் பட்டியலில் சேர்க்கச் சொல்லி ஐ.நா.விடம் நின்றது. அதே ஆண்டு நெ வின் தன் சொந்த மக்களின் நோட்டுகளையே செல்லாததாக்கிவிட்டு, தனக்கு ராசியான ஒன்பதால் வகுபடும் 45, 90 கியாட் நோட்டுகளை அடித்தார். 1964இல் நமக்கு நடந்தபோது கைதட்டியவர்கள் 1987இல் அழுதார்கள்.

பட்டாலை | திங்கள், இரவு 10.55

இந்தக் கடைசி வரிக்காகவே இழையைத் தொடங்கியிருக்கலாம். அதையே கொஞ்சம் நீட்டுகிறேன்.

பேரேட்டில் உள்ள அந்த மவுங்குகளுக்கு நிலம் திரும்பக் கிடைத்ததா என்று தேடிப் பார்த்தேன். சுதந்திரம் கிடைத்த 1948இலேயே நிலத்தைத் தேசியமயமாக்கும் சட்டம் வந்தது. செட்டியார் போனார். நிலம் அரசுக்குப் போயிற்று. உழுதவருக்கு உழும் உரிமை கிடைத்தது, சொந்தம் கிடைக்கவில்லை. 1962க்குப் பிறகு, அரசு சொன்ன விலைக்கு அரசு கேட்ட அளவு நெல்லை அளக்கவேண்டும் என்றாயிற்று. எதைப் பயிரிடுவது என்பதும் அவர் கையில் இல்லை. பாயில் உட்கார்ந்திருந்தவர் போய் நாற்காலியில் ஒருவர் வந்தார். அவரிடம் தவணை கேட்கக்கூட முடியாது.

வெளியாட்களின் பட்டியலும் எங்களோடு முடியவில்லை. 1982இல் புதிய குடியுரிமைச் சட்டம்; ரோஹிங்கியாக்கள் அதற்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். பிறகு கிட்டங்கி சொன்ன 2017.

ஒன்றை மறைத்துவிட்டு எழுதினால் நெஞ்சு குத்தும். இந்த வீட்டைச் செப்பனிடுவதே வடக்கிலிருந்து வந்த பையன்கள்தாம். ஒடிசாவிலிருந்து வந்தவன் ஒருவன், வயது இருபது இருக்கும், சுண்ணாம்புப் பூச்சை மெழுகித் தேய்க்கும் அழகைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்க்கும் பக்குவத்தை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் ஊர்க் கொத்தனார். சென்ற மாதம் அந்தக் கொத்தனாரையே ஒப்பந்தக்காரர் நிறுத்திவிட்டார். பையனுக்கு நாள்கூலி இருநூறு ரூபாய் குறைவு. கொத்தனார் என்னிடம் வந்து, “வடக்கத்தியான் வந்து எங்கள் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டான்” என்றார். பையன் பத்தடி தள்ளிச் சாரத்தின் மேல் நின்றான். தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று தெரிந்து முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். ஒப்பந்தத் தொகையைக் குறைக்கச் சொல்லிப் பேசி முடித்தது நாங்கள், பதினோரு பங்காளிகள். கொத்தனார் எங்களைத் திட்டவில்லை. எனக்குத் தேநீர்கூட வாங்கிக் கொடுத்தார்.

சந்தைக்கடை | திங்கள், இரவு 11.20

வாத்தியார் ஐயா, உங்கள் ‘முகம்’ இப்போது எனக்குப் பிடிபட்டது. பட்டாலை, அந்தக் கொத்தனாரைத் திரும்பக் கூப்பிடுங்கள். மீதியைப் பிறகு பேசலாம்.

கிட்டங்கி | செவ்வாய், காலை 7.48

கூப்பிட்டால் பையனின் வேலை போகும், அக்கா. இரண்டு பேருக்கும் ஒரே கூலி என்று பேசினால் ஒழிய வழி இல்லை. சிங்கப்பூரில் நானும் ஒருவனுடைய கண்ணுக்கு அந்தப் பையன்தான்.

கொப்புடையம்மன் தெரு | செவ்வாய், காலை 9.30

பலகைக்கு வருவோம். நான் இரண்டு வரி தருகிறேன்: “1942இல் இந்தக் கடையின் ஆட்கள் கால்நடையாகத் தாயகம் திரும்பினர். வழியில் இறந்தவர்களின் பெயர்கள் இந்தப் பேரேட்டில் இல்லை.” இது இல்லாமல் பலகை மாட்டினால் நான் வீடு பார்க்க வரமாட்டேன்.

தேயிலைப் பேரன் | செவ்வாய், காலை 10.10

அதற்கு முன்னால் ஒரு வரி: “இந்தப் பக்கங்களில் உள்ள நிலங்கள் 1931க்குப் பிறகு கடனுக்கு ஈடாக எழுதி வாங்கப்பட்டவை.” உரிச்சொல் வேண்டாம். இனவெறியும் வேண்டாம், பேராசையும் வேண்டாம்.

பட்டாலை | வியாழன், மாலை 6.15

நேற்றுப் பங்காளிகள் கூட்டத்தில் இரண்டையும் படித்துக் காட்டினேன். பெரியப்பா மகன் கொப்புடையம்மன் தெருக்காரரின் வரிகளுக்கு உடனே தலையாட்டினார். தேயிலைப் பேரனின் வரிக்கு, “நம் வீட்டில் நாமே இதை மாட்டவேண்டுமா?” என்று கேட்டார். மலேசியாவிலிருந்து போனில் பேசிய சித்தப்பா, பலகையே வேண்டாம், புத்தகம் மட்டும் இருக்கட்டும் என்றார். கூச்சல் ஓய ஒரு மணி நேரம் ஆயிற்று. முடிவில் ஆறுக்கு ஐந்து என்று இரண்டு வாசகங்களும் தேறின. 1936ஆம் ஆண்டுப் பக்கத்தைத் திறந்து வைக்கிறோம்.

கூலி விஷயமும் பேசினேன். ஒப்பந்தக்காரர் கணக்குப் போட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். இன்னும் சொல்லவில்லை.

கொப்புடையம்மன் தெரு அண்ணனுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் ஐயா நடந்து வந்தபோது கையில் ஏதாவது இருந்ததா?

கொப்புடையம்மன் தெரு | வியாழன், மாலை 7.02

ஒரு தூக்குச் சட்டி. ஒரு பக்கம் நசுங்கியிருக்கும், மூடி கிடையாது. ஆச்சி இன்றுவரை அதில் கவுணி அரிசிதான் கொட்டி வைக்கிறார். இரவல் தருகிறேன், தானமாக இல்லை.

பட்டாலை | வியாழன், மாலை 7.20

இரவலே போதும். பேரேட்டுக்குப் பக்கத்தில் வைக்க இடம் போதாது. பெட்டியை இன்னும் ஒரு முழம் நீட்டச் சொல்லி ஆசாரிக்கு ஆள் அனுப்பியிருக்கிறேன்.

ஊருணி | வெள்ளி, காலை 6.40

பெட்டி பர்மாத் தேக்கா?

பட்டாலை | வெள்ளி, காலை 7.15

வேம்பு, ஐயா. கொல்லையில் விழுந்த மரம்.